வீட்டுக் குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி: தடையும் நீங்கள் செய்ய வேண்டியதும்

கட்லாவும் ரோகுவும் விட்ட குட்டையில் மீன் குறைந்துகொண்டே வருகிறதா? வலையில் தட்டைத் தலையும் எட்டு மீசையுமாக, செதிலே இல்லாத கருத்த மீன் சிக்குகிறதா? அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம். ஆப்பிரிக்கத் தேளி என்றும் சொல்வார்கள். நம் நாட்டுத் தேளிக்கு முதுகுத் துடுப்பு மிகச் சிறியது; இதற்கோ முதுகு நெடுக ஓடும். சந்தேகம் இருந்தால் மீனை மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்டுங்கள்.

இந்த மீனை வளர்ப்பதற்கும் விற்பதற்கும் இந்தியாவில் தடை இருக்கிறது. வளர்ப்பில் உள்ள மீன்களை அழிக்க வேண்டும் என்று 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் உத்தரவிட்டது. வீட்டுச் சாப்பாட்டுக்குத்தானே, சின்னக் குட்டைதானே என்ற சமாதானம் எடுபடாது. பண்ணைக்குட்டைக்கும் தடை பொருந்தும்.

அழிக்க மனம் வராமல் பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கண்ணில் பட்ட மீன், தவளை, புழு எதையும் விடாமல் தின்னும் மீன் இது. ஏரிக்குள் போனால் நாட்டு மீன்களுக்குப் பிழைப்பில்லை. திரும்பப் பிடிக்கவும் முடியாது. மழைக்காலத்தில் குட்டை நிரம்பி வழிந்தாலும் இதே கதிதான். அதனால் கோடையிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் வலை போட்டு முடிந்தவரை பிடித்துவிட்டு, தண்ணீரை முழுவதும் இறைத்துவிடுங்கள். இறைக்கும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். இல்லையென்றால் குஞ்சுகள் வாய்க்காலுக்குத் தப்பிவிடும். தண்ணீர் வற்றியதோடு வேலை முடியவில்லை. இது காற்றையும் சுவாசிக்கும் மீன். மேலே காய்ந்து தெரியும் சேற்றில் காலை வைத்தால் அடியில் வழுக்கிக்கொண்டு ஒன்று நெளியும். தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயப்போட்டு, பிறகு சுண்ணாம்பு தூவுங்கள்.

ஊற்று நிற்காத குட்டையை வற்றவைக்க முடியாது. அங்கே இலுப்பைப் புண்ணாக்குதான் பழகிய வழி. ஒரு சென்ட் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குட்டைக்கு ஏறக்குறைய 10 கிலோ. ஊறவைத்துக் கரைத்துப் பரவலாகத் தெளித்தால், மேலே மிதந்து வருகிற மீன்களை வலையால் வாரிவிடலாம். காற்றைச் சுவாசிக்கும் மீன்களில் சில தாக்குப்பிடிக்கும். மறுபடியும் வலை இழுங்கள். தெளிக்கும் முன்பு மீன்வளத்துறையினரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் வெளியே ஒரு சொட்டும் போகக் கூடாது. பொது ஏரியிலும் வாய்க்காலிலும் விஷம் கலந்து மீனைக் கொல்வது 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம்.

பிடித்த கெளுத்திகளைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள்.

புண்ணாக்கின் வீரியம் அடங்க மூன்று வாரம் ஆகும். அதன் பிறகு ஒரு வலைத்தொட்டியில் நாலைந்து குஞ்சுகளை ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அவை உயிரோடு இருந்தால் மற்றவற்றை விடலாம். குஞ்சுகளை அரசு மீன்விதைப் பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்குங்கள். தெரு வியாபாரியின் பாலித்தீன் பையில் ரோகுவோடு கெளுத்திக் குஞ்சும் கலந்து வரக்கூடும். புதுக் குட்டை வெட்ட நினைப்பவர்கள் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தைப் பற்றியும் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். திட்ட மதிப்பீட்டில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்பது அதன் விதி.