சந்தூர் ரேட் லிஸ்டும் ஒரு மஞ்சள் முக்கோணமும்

போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூர் என்றால் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கன்றுதான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊர் நர்சரிகளின் ரேட் லிஸ்ட் வேலை ஆடி பிறக்கும் முன்பே என் டிடிபி கடைக்கு வந்துவிடும். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, இமாம்பசந்த் என்று எக்செல்லில் நாற்பது வரிசை. அதை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கமாக்கித் தர வேண்டும். அச்சுக்குப் பிளேட் போடும் நாள் வரைக்கும் பார்ட்டி விலையை மாற்றிக்கொண்டே இருப்பார்.

“எக்செல்லுல மாத்திட்டேனே, உங்களுதுல ஏன்ணா மாறல?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கே.ஆர்.பி. அணையில் மதகைத் தூக்கினால் கால்வாயில் தண்ணீர் வருகிற மாதிரி, எக்செல்லில் மாற்றினால் பக்கத்திலும் தானாக மாறும் என்று அவர் நினைத்துவிட்டார். இங்கே அப்படிக் கால்வாய் எதுவும் வெட்டப்படவில்லை.

முதலில், எக்செல் கோப்புக்கும் பக்கத்துக்கும் இணைப்பே இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் படத்தை வைத்தால் இன்டிசைன் எப்போதும் இணைப்பு போட்டுக்கொள்ளும். எழுத்தையும் எக்செல்லையும் வைத்தால் போடாது. உள்ளடக்கத்தை நகலெடுத்து உள்ளே வைத்துக்கொண்டு மூலக் கோப்பை மறந்துவிடும். பிரிஃபரன்சஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில், எழுத்து, ஸ்ப்ரெட்ஷீட் கோப்புகளை வைக்கும்போது இணைப்பு உருவாக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. புதிதாக நிறுவிய மென்பொருளில் அதில் டிக் இருக்காது. கோப்பை வைப்பதற்கு முன்பே அதை டிக் செய்திருக்க வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு சீசன் ஓட்டியிருக்கிறேன்.

சரி, டிக் செய்தாயிற்று. இப்போது பக்கத்துக்குள் என்ன பதிவாகிறது? ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது, எத்தனை பைட், உள்ளே எடுத்தபோது அது கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். பிறகு அதே முகவரியில் போய்ப் பார்க்கும்போது நேரம் பொருந்தவில்லை என்றால் லிங்க்ஸ் பட்டியலில் மஞ்சள் முக்கோணம் வரும். கோப்பையே காணவில்லை என்றால் சிவப்புக் கேள்விக்குறி. மாறியது விலையா வெறும் எழுத்துருவா என்பது முக்கோணத்துக்குத் தெரியாது.

இந்தச் சீட்டு முறையை வாட்ஸ்அப் நன்றாகக் குழப்பிவிடும். திருத்திய கோப்பைப் பார்ட்டி அனுப்புவார். அது டவுன்லோட்ஸில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு 1 ஒட்டிக்கொண்டு போய் உட்காரும். சீட்டில் இருப்பது பழைய பெயர். பழைய கோப்போ அசையாமல் அப்படியே இருக்கிறது. முக்கோணமும் வராது, கேள்விக்குறியும் வராது. அதனால் எந்தக் கோப்பு வந்தாலும் வேலை ஃபோல்டரில் பழைய பெயரிலேயே மேலெழுதிவிடுகிறேன்.

எக்செல் கோப்புக்குள்ளேயும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். நகல் ஒன்று எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் வரிசையாக இருக்கும். பெங்களூரா என்ற சொல் இருபது செல்லில் வந்தாலும் எக்செல் அதைப் பொதுப் பட்டியல் ஒன்றில் ஒரே தடவைதான் எழுதுகிறது. செல்லில் இருப்பது பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண் மட்டும். சூத்திரம் போட்ட செல்லில் இரண்டு சங்கதி இருக்கும்: சூத்திரம் ஒன்று, கடைசியாகக் கணக்கிட்ட விடை இன்னொன்று. 60 ரூபாய்க் கன்றுக்குப் பத்து சதவீதம் ஏற்றும் சூத்திரம் என்றால் பக்கத்திலேயே 66 என்று எழுதியிருக்கும். இன்டிசைன் கணக்குப் போடாது, அந்த 66-ஐத்தான் எடுக்கும். எக்செல்லில் விலையை மாற்றிவிட்டுச் சேமிக்காமல் விட்டால் முக்கோணத்துக்காகக் காத்திருந்து பயனில்லை.

முக்கோணம் வந்ததும் லிங்க்ஸ் பட்டியலில் அப்டேட் அழுத்தினால் மாறிய விலை மட்டும் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்டிசைன் அட்டவணையைத் தூக்கிவிட்டு, முழுவதையும் கோப்பிலிருந்து மறுபடி கொண்டுவருகிறது. நாட்டு ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். இது கூரையையே பிரித்து மேய்கிற வேலை. மல்கோவா வரிசைக்கு நீங்கள் கையால் தீட்டிய மஞ்சள், இழுத்து இழுத்துச் சரிசெய்த பத்தி அகலம் எல்லாம் அதோடு போய்விடலாம். உள்ளே கை வைத்திருந்தால் உங்கள் திருத்தம் போய்விடும் என்று எச்சரிக்கை வரும். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

ஆகவே அலங்காரத்தை அட்டவணையின் மேல் நேரடியாகப் பூசாமல் டேபிள் ஸ்டைலில் வைப்பது நல்லது. தலைப்பு வரிசை, உடல் வரிசை, இடது பத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு செல் ஸ்டைல் கொடுத்துவிட்டு, கோப்பை வைக்கும்போது இம்போர்ட் ஆப்ஷன்ஸில் வடிவமற்ற அட்டவணையையும் (எக்செல்லின் வண்ணமும் எழுத்துருவும் இல்லாமல் வருவது) அந்த ஸ்டைலையும் தேர்ந்தெடுங்கள். எக்செல்லில் இருக்கும் தோற்றமே வேண்டும் என்றால், ஒரே முறை மட்டும் வடிவத்தை எடு என்று அங்கே ஒரு வழி உண்டு. அதன்பிறகு பார்ட்டி எக்செல்லில் என்ன வண்ணம் அடித்தாலும் அது பக்கத்துக்கு வராது.

வடிவமற்ற அட்டவணையில் நமக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. பழைய பார்ட்டிகள் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பாமினியில் மா என்பது கோப்புக்குள் கே, எச் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது. வடிவத்தை விட்டுவிட்டு எடுத்தால் வேஷம் கலைந்துவிடும். அப்டேட்டை நம்பி இருக்க வேண்டுமென்றால் எழுத்துரு மாறினாலும் தமிழாகவே இருக்கும் யுனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் வழி. கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கப் பாராகிராஃப் ஸ்டைலில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

எனக்கு வாய்த்த அடி செல் எல்லையில். கோப்பை வைக்கும்போது ஏ1 முதல் டி40 வரை எடு என்று இம்போர்ட் ஆப்ஷன்ஸில் குறித்திருந்தேன். பார்ட்டி 41-ஆவது வரிசையில் இமாம்பசந்தின் பெரிய கன்றைச் சேர்த்தார். முக்கோணம் வந்தது, அப்டேட் அழுத்தினேன், மாறிய விலைகளும் சரியாக வந்தன. புது வரிசை மட்டும் வரவில்லை. சொன்ன எல்லைக்குள் இருப்பதை ஒழுங்காகக் கொண்டுவந்திருக்கிறது, அதன்மேல் குற்றமில்லை. ரீலிங்க் கொடுத்து அதே கோப்பை மறுபடி இணைத்து, இம்போர்ட் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லி எல்லையை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்தபோது லிஸ்ட் அச்சாகி, கட்டுக் கட்டி, சந்தூர் பஸ்ஸில் ஏறியிருந்தது. அந்த ஒரு வரியைத் துண்டுச் சீட்டாக அடித்து, நானே உட்கார்ந்து ஒவ்வொரு லிஸ்டிலும் ஒட்டிக் கொடுத்தேன்.