எச்சரிக்கை வரவில்லை என்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது

மருந்துகளின் பெயரைப் போட்டால், அவை ஒன்றோடொன்று மோதுமா என்று நொடியில் சொல்லும் மென்பொருள்கள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மருந்தாளுநர் வேலையில் எனக்கும் அது தினசரித் துணை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குப் பூஞ்சைத் தொற்றுக்கு ஃபுளுகோனசோல் எழுதியிருந்தால் திரை உடனே எச்சரிக்கும். வார்ஃபரினைச் சிதைக்கிற கல்லீரல் நொதியை ஃபுளுகோனசோல் முடக்கிவிடும். மாத்திரையின் அளவைக் கூட்டாமலேயே ரத்தத்தில் வார்ஃபரின் ஏறும். ரத்தக்கசிவில் போய் நிற்கும். இப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகளை எந்த மனிதரும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது.

ஆனால் நாம் கொடுக்கிற பட்டியலைத் தாண்டி மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்பார்கள். "மூட்டு வலிக்கு?" என்று குறிப்பாகக் கேட்டால்தான், "அது எப்பவாவது போடுறதுதானே" என்று வரும். அந்த 'எப்பவாவது' மாத்திரை பெரும்பாலும் ஐபுபுரோஃபென், இல்லையென்றால் டைக்ளோஃபெனாக். அவரே ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும், நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் மாட்டிக்கொள்கிறது. நீர் மாத்திரை உடலின் நீரளவைக் குறைக்கிறது. வலி மாத்திரை சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் வழியைச் சுருக்குகிறது. எனலாப்ரிலோ அந்த ரத்தம் வெளியேறும் வழியை விரிக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தமே இருக்காது. பல மென்பொருள்கள் மருந்துகளை இரண்டிரண்டாகத்தான் ஒப்பிடும். எனவே மூன்று 'மிதமான' எச்சரிக்கைகள் தனித்தனியாக வரும். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாமலே போகலாம். வயிற்றுப்போக்கு, வாந்தி என்று நீர் வற்றிய நாளில் இந்தக் கூட்டணி இன்னும் மோசம்.

மூலிகை மாத்திரைகளையும் யாரும் 'மருந்து' கணக்கில் சேர்ப்பதில்லை. மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கருத்தடை மாத்திரையின் வேலையையே கெடுக்கக்கூடியது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. தைராய்டு குறைவுக்கான தைராக்சினோடு கால்சியம் மாத்திரை இருந்தாலும் எச்சரிக்கை வரும், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தாலும் வரும். முதலாவதற்கு 4 மணி நேர இடைவெளி விட்டால் போதும். இரண்டாவது தசையையே சிதைக்கக்கூடியது, சேர்த்துக் கொடுக்கவே கூடாது. நாள் முழுக்க எச்சரிக்கைகளைத் தள்ளித் தள்ளிப் பழகிய விரல், இரண்டாவதையும் பார்க்காமல் தள்ளிவிடும்.

இதைவிட எனக்குப் பயம், வீட்டில் தாங்களாகவே தேடிப் பார்த்து மருந்தை நிறுத்துகிறவர்களை நினைத்துத்தான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தெரிந்தேதான் சேர்த்துத் தரப்படுகின்றன. செயலி 'ரத்தக்கசிவு அபாயம்' என்று காட்டும்; பொய்யில்லை. அதைப் பார்த்து ஒன்றை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் வந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள், மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று: புது மருந்தைச் சேர்க்கும்போது கத்துகிற மென்பொருள், ஒன்றை நிறுத்தும்போது பெரும்பாலும் வாயே திறக்காது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும்போது வார்ஃபரின் வேகமாகச் சிதைவதால், அதன் அளவைக் கூட்டியிருப்பார்கள். ரிஃபாம்பிசின் முடிந்த சில வாரங்களில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும், கூட்டிய அளவு மட்டும் அப்படியே தொடரும். அந்த வாரங்களில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்து, வார்ஃபரின் அளவைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும்.