லிபரேட்டரின் ஒல்லி இறக்கை

டெல்லியில் பாலம் (Palam) என்ற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு பி-24 லிபரேட்டர் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா செய்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். போர் முடிந்ததும் இந்த ரக விமானங்கள் பலவற்றைக் கான்பூரில் விட்டுச் சென்றார்கள், அதுவும் மறுபடி யாரும் பறக்கவிடாதபடி சேதப்படுத்திவிட்டு. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் சுமார் 40 விமானங்களை அங்கேயே பறக்கும் அளவுக்குத் தேற்றி, பெங்களூருக்கு ஓட்டிப்போய் முழுதாகப் பழுதுபார்த்தார்கள். 1948 முதல் 1968 வரை அவை இந்திய விமானப்படையில் வேலை செய்தன.

அழகான விமானம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இறக்கையைப் பாருங்கள். நுனிக்கு நுனி 33.5 மீட்டர், சராசரி அகலம் 3 மீட்டர்கூட இல்லை. நீளத்தை அகலத்தால் வகுத்தால் சுமார் 11.5 வரும். அதே போரின் இன்னொரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17க்கு இது சுமார் 7.5தான்.

ஒல்லியாக இருந்தால் என்ன லாபம்? பறக்கும்போது இறக்கைக்குக் கீழே அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. அதனால் நுனிகளில் கீழ்க்காற்று சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். விமானத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய சுழல்கள் உருவாகும். அந்தச் சுழலைச் சுற்றவைக்கும் ஆற்றல் எஞ்சின் எரித்த பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. இதற்குத் தூண்டல் இழுவை என்று பெயர்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. விமானம் மேலே நிற்க, காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளலாம், நிறையக் காற்றை மெதுவாகவும் தள்ளலாம்; இரண்டிலும் ஒரே தூக்குவிசை கிடைக்கும். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் செலவும் பாதிதான். நீண்ட இறக்கை அதிகக் காற்றைத் தொடுகிறது. சரி, அப்படியானால் எல்லாப் பக்கமும் பெரிதாக்கிவிடலாமே? பரப்பு கூடினால் காற்று உராய்வும் கூடும். ஆகவே நீளம் வேண்டும், அகலம் வேண்டாம்.

வயிற்றுப் பக்கமும் இதே சிக்கனம். குண்டறைக் கதவுகள் வெளியே தொங்காமல், மளிகைக்கடை ஷட்டர் மாதிரி உடலின் பக்கவாட்டில் மேலே சுருண்டு ஏறும். கதவு திறந்தாலும் இழுவை அதிகம் கூடாது.

பலன் தூரத்தில் தெரிந்தது. அட்லாண்டிக் நடுவே, கரையிலிருந்து வரும் விமானங்கள் எட்டாத பகுதியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சுதந்திரமாக வேட்டையாடின. 1943இல் அந்த இடைவெளியை அடைத்ததில் லிபரேட்டருக்குப் பெரும் பங்கு உண்டு. 1945இல் இலங்கையின் மின்னேரியாவிலிருந்து கிளம்பிய லிபரேட்டர்கள் சிங்கப்பூர் கடலில் கண்ணிவெடி போட்டுத் திரும்பின. எங்கும் இறங்காமல், போகவர 20 மணி நேரத்துக்கும் மேல்.

இலவசமாக எதுவும் வரவில்லை. சிறிய பரப்பில் பெரிய எடை என்பதால் ஓடுபாதையில் வேகம் அதிகம் தேவைப்பட்டது. பி-17 பறந்த உயரத்தில் குண்டோடு அணிவகுத்துப் போவது விமானிகளுக்குப் பெரும்பாடு. அடி வாங்கினால் மெல்லிய இறக்கை ஒடிந்துவிடும் என்ற பயமும் குழுவினருக்கு இருந்தது.

அப்புறம், பெருமை யாருக்கு? இதன் பெயரே டேவிஸ் இறக்கை. டேவிட் டேவிஸ் என்ற தனி ஆள் ஒரு சூத்திரத்தில் போட்ட குறுக்குவெட்டு வளைவு அது. அந்தச் சூத்திரத்தை அவர் ரகசியமாகவே வைத்திருந்தார். 1937இல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில், காற்றைப் பாய்ச்சி மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது எண்கள் அவ்வளவு நன்றாக வந்ததால், சுரங்கத்தில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். என்னைக் கேட்டால், ரகசிய வளைவுக்குக் கிடைத்த புகழில் பெரும்பகுதி அந்த நீளத்துக்குச் சேர வேண்டியது. வழவழப்பான சோதனை மாதிரியில் கிடைத்த பலன், ஆணியும் மடிப்பும் உள்ள தொழிற்சாலை இறக்கையில் அப்படியே கிடைக்காது. பின்னால் வந்த போயிங் பி-29 விமானத்தின் நீள-அகல விகிதமும் சுமார் 11.5தான். அதன் வளைவு போயிங் தானே வரைந்தது, டேவிஸுடையது அல்ல.