வேரை உதறிவிடும் கொத்தான்

கடலோர மணல்மேடுகளிலும் வறண்ட புதர்க்காடுகளிலும் செடிகள்மேல் மஞ்சளும் பச்சையுமாகச் சிக்கிக் கிடக்கும் நூல்போன்ற கொடிதான் கொத்தான். இலைகள் வெறும் செதில்களாகச் சுருங்கிவிட்டன. தரையில் வேரைத் தேடினாலும் கிடைக்காது.

பிறக்கும்போது வேர் உண்டு. விதை மண்ணில்தான் முளைக்கிறது. விதையிலிருந்த உணவைச் செலவழித்து மெல்லிய தண்டு எழும்பி, வளைந்து வளைந்து பற்றுக்கோடு தேடும். எதுவும் அகப்படாவிட்டால் மடிந்துவிடும். அகப்பட்டால் இறுகச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் மண்ணிலிருக்கும் வேர் காய்ந்துபோகும்.

சுற்றிய தண்டின் உட்பக்கத்தில் சிறு புடைப்புகள் வரிசையாக முளைக்கின்றன. இவை உறிஞ்சு வேர்கள். ஒவ்வொன்றும் தட்டையாகி, பற்றிய செடியின் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதன் நடுவிலிருந்து ஆப்புப் போன்ற திசு உள்ளே இறங்கி, நீரைக் கடத்தும் சைலம் குழாய்களைத் தொட்டுவிடும். அதன் பின் செடிக்குப் போகவேண்டிய நீரிலும் தாது உப்புகளிலும் கொடிக்கும் பங்கு. தண்டில் பச்சையம் இருப்பதால் ஓரளவு உணவைத் தானே தயாரிக்கும். அதனால்தான் இதை அரை ஒட்டுண்ணி என்கிறோம்.

அது தேடிப்போகும் இடம் தண்டும் இலையும் மட்டுமல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவகைக் குளவிகள் ஓக் மர இலைகளில் வீக்கம்போன்ற கழலைகளை உண்டாக்கி, அவற்றுக்குள் வளர்கின்றன. கொத்தான் அந்தக் கழலைகளிலும் உறிஞ்சு வேர்களை இறக்குவதை ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். கொடி பற்றிய கழலைகள் பலவற்றில் குளவிகள் வெளியேற முடியாமல் உலர்ந்து இறந்திருந்தன. செடியின் வளத்தைத் திருடும் பூச்சியிடமிருந்தே திருடும் கொடி! ஒட்டுண்ணிகளைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் வியக்க வைத்தது இதுதான்.

பார்வைக்குக் கஸ்குட்டா என்ற வேறொரு ஒட்டுண்ணிக் கொடி மாதிரியே இருப்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவே இல்லை. கஸ்குட்டா சர்க்கரைவள்ளியின் குடும்பம். கொத்தானோ இலவங்கப்பட்டை, அவகாடோ மரங்களின் குடும்பம். ஒரே பிழைப்பு வழி இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

உறவைக் கண்டுபிடிக்கப் பழத்தைப் பார்த்தால் போதும். கஸ்குட்டாவில் உலர்ந்த சிறு காய்தான் வரும். கொத்தானில் பூவின் அடிக்கிண்ணம் சதைப்பற்றாக வளர்ந்து காயை மூடிக்கொள்ளும். பட்டாணி அளவில் உருண்டையாக, பழுத்தால் வெண்மையாக இருக்கும். உள்ளே கெட்டியான ஒற்றை விதை. கடல்நீரில் மிதந்தும் பரவுவதால் வெப்பமண்டலக் கரைகள் எங்கும் இந்தக் கொடியைக் காணலாம்.

பழுத்த பழத்தின் சதையை உண்ணலாம். தண்டு அப்படியல்ல, அதில் உடலுக்குத் தீங்கு செய்யக்கூடிய அல்கலாய்டு வேதிப்பொருள்கள் இருக்கின்றன. மருந்தென்று யார் சொன்னாலும் தண்டை அரைத்துக் குடிக்க வேண்டாம்.