சந்தா தீர்ந்த வண்டியும் கூப்பிட வேண்டும்

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது மாமாவின் டூரிஸ்ட் வேனில் குற்றாலம் கிளம்பினோம். நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் பக்கத்துக் கம்பியில், பாட்டில் மூடி அளவுக்கு ஒரு சிவப்புப் பட்டன். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது.

"மாமா, இதென்ன டேப்பு?"

"பிள்ளைக சும்மா சும்மா அமுக்குதுவ மருமவனே. அதான்."

"அமுக்கினா என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. அதுல உள்ள சிம்மு செத்து எட்டு மாசம் ஆச்சுல்லா."

"பிறவு எதுக்கு மாட்டி வச்சிருக்கிய?"

"எஃப்.சி.க்கு."

வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் சான்றிதழுக்காக மட்டும் ஒரு பட்டன்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. ஏனென்றால் என் பிழைப்பே இந்தப் பட்டன்தான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவில் ஓடப்போகிற கார்களின் அவசர அழைப்புக் கருவியைச் சோதிப்பது என் வேலை. கார் மோதினால் அது தானாக அவசர உதவி எண்ணான 112-க்குப் போன் போடுகிறதா, சொல்ல வேண்டியதைச் சொல்கிறதா என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கார்களில் யாரும் ரீசார்ஜ் செய்வதில்லை. மாதச் சந்தாவும் கிடையாது. ஆனாலும் கூப்பிட்டால் போகும். மாமா வேனில் மட்டும் ஏன் போகாது?

பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. டவர் சரியாகக் கிடைக்காத மலைப்பாதையில் போனைப் பார்த்தால், கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வரும். நாம் அதைப் பார்த்து அலுத்துக்கொண்டு போனைப் பைக்குள் போட்டுவிடுவோம். அதற்கு அர்த்தம் இதுதான்: உங்கள் கம்பெனி டவர் இங்கே இல்லை, வேறு கம்பெனி டவர் இருக்கிறது, அது நீங்கள் தன் வாடிக்கையாளரா என்று கேட்காமல் அவசர அழைப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளும். அவசரக் குரல் அழைப்புக்கு மொபைல் நெட்வொர்க்கில் தனிக் கதவு உண்டு. அந்தக் கதவில் பாக்கி பார்க்க ஆள் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் 'ஈ-கால்' என்ற ஏற்பாட்டை இந்தக் கதவின் மேல்தான் கட்டியது. 2018 மார்ச் 31 முதல் அங்கே புதிதாக அங்கீகாரம் பெறும் கார் மாடல்களிலும் சிறு சரக்கு வண்டி மாடல்களிலும் இது கட்டாயம். ஏர்பேக் விரியும் அளவுக்கு மோதினால் கருவி தானே 112-ஐ அழைக்கும். கூரையில் உள்ள பட்டனை அழுத்தியும் அழைக்கலாம். உதவி கிடைக்கும் நேரம் நகர்ப்புறத்தில் 40 சதவீதமும் கிராமப்புறத்தில் 50 சதவீதமும் குறையும் என்று ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. கிராமத்தில் பலன் அதிகமாக இருப்பதற்குக் காரணம் எளிது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆளில்லாத ரோட்டில் கார் மரத்தில் மோதினால், பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த சிம் தூங்குகிற விதம். காருக்குள் சிம் இருக்கும்; ஆனால் வண்டி ஓடும்போது அது எந்த டவரிலும் பதிவு செய்யாது. சுற்றியிருக்கும் டவர்களைக் கேட்டு வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். காது திறந்திருக்கும், வாய் மூடியிருக்கும். அதனால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று யாரும் இதை வைத்துப் பின்தொடர முடியாது. 'கார் எங்களை வேவு பார்க்கும்' என்ற பயம் அங்கே பெரிதாக எழுந்தது. அதற்குச் சொன்ன பதில் இந்தத் தூக்கம். மோதிய கணத்தில்தான் எழுந்து டவரில் பேர் கொடுத்துக் கூப்பிடும். பேசி முடித்த பிறகும் உடனே தூங்கிவிடாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரும்பக் கூப்பிடலாம் என்பதற்காகக் குறைந்தது ஒரு மணி நேரம், அதிகபட்சம் 12 மணி நேரம் வரை விழித்திருக்கும்.

கூப்பிட்டதும் முதல் சில நொடிகள் பேச்சு கேட்காது. அந்த நேரத்தில் 140 பைட் அளவுள்ள ஒரு சிறு தகவல் சீட்டு போகும். வண்டி நம்பரென்று சொல்வதைவிடச் சேஸிஸ் எண் என்பது சரி; அது இருக்கும். நேரம், இடம், எந்தத் திசை பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, தானாக அழைத்ததா ஆள் அழுத்தியதா, பெட்ரோலா டீசலா பேட்டரி வண்டியா, எத்தனை பேர் சீட் பெல்ட் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் அந்த 140 பைட்டுக்குள் அடங்கிவிடும். திசை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் போய் நின்ற ஆம்புலன்ஸ் திரும்பி வர எத்தனை கிலோமீட்டர் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சீட்டு இன்டர்நெட் வழியாகப் போவதில்லை. டேட்டா என்றால் பிளான் வேண்டும், பிளான் என்றால் பாக்கி வரும். ஆகவே தகவலையே சத்தமாக மாற்றி, குரல் அழைப்புக்குள்ளேயே ஊற்றிவிடுகிறார்கள். எங்கள் லேபில் சிக்னல் வெளியே கசியாதபடி இரும்புப் பெட்டிக்குள் கருவியை வைத்து, போலி டவர், போலி 112 அறை எல்லாம் வைத்துச் சோதிப்போம். ஹெட்போனை மாட்டினால் அந்தச் சத்தம் கேட்கும். பழைய டயல்-அப் மோடம் கத்துமே, அதற்குத் தம்பி மாதிரி ஒரு கிரீச். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கருவி பழுதென்று நினைத்து ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள். சீட்டு போகாவிட்டாலும் அழைப்பு அறுந்துவிடக் கூடாது, பேச்சு கேட்க வேண்டும் என்பது விதி. நாங்கள் வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்துவிட்டு, அப்படியும் குரல் போகிறதா என்று பார்ப்போம்.

இனி மாமா வேனுக்கு வருகிறேன். நம் நாட்டில் பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பட்டனும் வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி 125எச். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வண்டிகளுக்கு இது பொருந்தும். ஆட்டோவுக்கும் ஈ-ரிக்‌ஷாவுக்கும் விலக்கு. கருவி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது ஏ.ஐ.எஸ். 140 என்ற தரநிலை. கருவியைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளேயே பதித்த சிம், மெயின் பேட்டரி அறுந்தாலும் நான்கு மணி நேரம் தாங்கும் சொந்த பேட்டரி என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பட்டனை அழுத்தினால் தகவல் மொபைல் டேட்டாவில் போகிறது. அது முடியாவிட்டால் எஸ்.எம்.எஸ். இரண்டுக்கும் உயிருள்ள சந்தா வேண்டும். சந்தா தீர்ந்த மறுநாள் அந்தச் சிவப்புப் பட்டன் சட்டைப் பட்டனுக்குச் சமம். பிளான் போடுவது வண்டிக்காரர் பொறுப்பு; அவருக்கோ டீசல், டேக்ஸ், இன்ஷூரன்ஸ், டயர் என்று வரிசையாக நிற்கிறது. எஃப்.சி. வரும் மாதம்தான் கருவி ஞாபகம் வரும். மாமாவைத் திட்டி என்ன பயன்? உயிர் காக்கிற ஒன்றை வருடச் சந்தாவில் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். கடந்த சில வருடங்களில் வந்த கார்களில் கூரையில் ஓர் எஸ்.ஓ.எஸ். பட்டன் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் அது பெரும்பாலும் கார் கம்பெனியின் கால் சென்டருக்குப் போகும், 112-க்கு அல்ல. முதல் சில வருடம் இலவசம், பிறகு சந்தா. சந்தா தீர்ந்த தகவல் ஏதோ ஒரு மெயிலில் வந்திருக்கும். அதை யார் படித்தோம்? பட்டன் மட்டும் பளபளவென்று அங்கேயே இருக்கும்.

என் அலுவலக நண்பர் ஒருவர் செகண்ட்ஸில் கார் வாங்கினார். திண்டிவனம் தாண்டி வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பட்டனை அழுத்தினார். இங்கே சத்தமே இல்லை. பத்து நிமிடம் கழித்துப் பழைய ஓனர் கோயம்புத்தூரிலிருந்து பதறிப்போய்க் கூப்பிடுகிறார், "சார், என் காருக்கு என்னாச்சு?" என்று. சந்தா அவர் பெயரில் உயிரோடு இருந்தது. அவசரத்துக்குச் சொல்ல வேண்டிய நம்பராக அவர் மனைவியின் நம்பர் பதிந்திருந்தது. ஆர்.சி. மாற்றினார்கள், இன்ஷூரன்ஸ் மாற்றினார்கள், இதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சந்தா விவகாரம் ஒருமுறை ஊர் சிரிக்க வெளியே வந்தது. 2023 பிப்ரவரியில், இல்லினாய் மாநிலத்தின் லேக் கவுண்டியில் ஒரு தாயை அடித்துப்போட்டு, இரண்டு வயதுப் பிள்ளை உள்ளே இருந்த காரைக் கடத்திக்கொண்டு போனார்கள். கார் எங்கே என்று காட்டும் வசதி அந்தக் காரில் இருந்தது. போலீஸ் அந்தச் சேவை மையத்தைக் கேட்டபோது, இலவசக் காலம் முடிந்துவிட்டது, 150 டாலர் கட்டினால்தான் திரும்பவும் இயக்க முடியும் என்றார்கள். கிரெடிட் கார்டு தேடிப் பணம் கட்டி முடிப்பதற்குள் போலீஸ் வேறு வழியில் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டது, பிள்ளைக்கு ஆபத்தில்லை. போலீசுக்கு உதவ முறையான வழி உண்டு, அன்று அது மீறப்பட்டது என்று கார் கம்பெனி சொன்னது. பிறகு அவசரச் சேவைகளை ஐந்து வருடத்துக்கு இலவசமாக்கியது.

இந்தத் தொழிலில் இருப்பவனாக எனக்கு அதில் உறுத்துவது வேறு. சந்தா தீர்ந்த கார் செத்துப்போன கார் அல்ல. கருவி இருக்கிறது, ஆன்டெனா இருக்கிறது, சிம் இருக்கிறது. நெட்வொர்க் பக்கத்தில் ஒரு கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அதைத் தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டும் எழுப்புவது பெரிய வித்தை கிடையாது. ஈ-கால் சிம் தினமும் செய்யத் தயாராக இருப்பதும் அதுதானே. எழுப்ப அதிகாரம் யாருக்கு, எந்தச் சூழ்நிலையில், பில் யார் தலையில் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் போனெடுக்கும் பையன் திரையில் 'கட்டணம் பாக்கி' என்று மட்டும் தெரிந்தால் அவன் வேறென்ன சொல்வான்?

சிம்மே இல்லாமல் கூப்பிடவிட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் அப்படித்தான், கணக்கே இல்லாத போனிலிருந்தும் 911-க்குப் போகும். சிக்கல் என்னவென்றால் திரும்பக் கூப்பிட நம்பர் இருக்காது. 911-ஐ அடுத்துக் கருவி எண்ணின் ஏழு இலக்கங்களை ஒட்டி ஒரு பொய் நம்பர் காட்டும். விளையாட்டுக்குக் கூப்பிடுபவர்களுக்கும் இது வசதி. அந்தத் தொல்லை தாங்காமல் ஜெர்மனியில் 2009-லேயே சிம் இல்லாத அவசர அழைப்பை நிறுத்திவிட்டார்கள். காருக்குள் ஒரு தூங்கும் சிம்மை வைத்து, அதன் செலவைக் கார் விலையிலேயே சேர்த்துவிடுவது இரண்டுக்கும் நடுவழி. என் ஓட்டு அதற்குத்தான்.

அதற்கும் ஆயுள் உண்டு என்பதை ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதுவரை வந்த ஈ-கால் கருவிகளில் பெரும்பாலானவை 2ஜி, 3ஜி குரல் அழைப்பை நம்பியவை. ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே போய்விட்டது. 2ஜி-யையும் பல நாடுகள் மூடிக்கொண்டு வருகின்றன. 2026 முதல் அங்கே புதிய மாடல்களுக்கு 4ஜி, 5ஜி-யில் பேசும் கருவி வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. ஆனால் 2019-ல் வாங்கிய கார் 2030-லும் ஓடும். அமெரிக்காவில் இது நடந்து முடிந்த கதை: 2008-ல் அனலாக் நெட்வொர்க் போனபோது ஒரு கூட்டம் கார்கள் ஊமையாயின, 2022-ல் 3ஜி மூடப்பட்டபோது இன்னொரு கூட்டம். கார் வாங்கும்போது மைலேஜ் கேட்பது போல, இந்தப் பட்டன் எந்த 'ஜி'-யில் பேசுகிறது என்றும் கேளுங்கள். சேல்ஸ்மேன் விழிப்பார். பரவாயில்லை, சர்வீஸ் ஆட்களிடம் கேட்டுச் சொல்லட்டும்.

சாவியைத் திருப்பியதும் எஸ்.ஓ.எஸ். விளக்கைப் பாருங்கள். கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். கோளாறு இருந்தால் விளக்கு எரியும் அல்லது டேஷ்போர்டில் எழுத்து வரும். 'அதான் வண்டி ஓடுதே' என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி வயதானாலும் இப்படி வரும். ஐரோப்பாவில் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பட்டனை அழுத்தக் கூடாது; அது நிஜ 112. லைட் ஸ்விட்ச் என்று நினைத்து அழுத்துகிறவர்கள் ஏற்கெனவே ஏராளம். இங்கே என்றால், போனில் கார் கம்பெனியின் ஆப்பைத் திறந்து சந்தா எந்தத் தேதி வரை, யார் பெயரில், எந்த நம்பருக்குத் தகவல் போகும் என்று ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். எதுவும் புரியாவிட்டால் போனில் 112, அடிபட்டிருந்தால் 108. பட்டனை நம்பி அவற்றை மறந்துவிடாதீர்கள்.

மாமா போன மாதம் கூப்பிட்டார். கருவிக்குப் பணம் கட்டிவிட்டாராம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடுத்த வாரம் எஃப்.சி. வருதுல்லா மருமவனே."

"டேப்ப எடுத்துட்டியளா மாமா?"

"அது இருக்கட்டும். பிள்ளைக அமுக்கிரும்."

"இப்ப அமுக்கினா போவும் மாமா."

"அதான்டே சொல்லுதேன்."