கெர்னல் மாட்யூல் கட்ட முழு மூலநிரல் தேவையில்லை, பொருந்தும் ஹெடர் தேவை

ஒரே ஒரு நெட்வொர்க் டிரைவரை மாட்யூலாக (கெர்னலில் தனியாக ஏற்றக்கூடிய நிரல் துண்டாக) சேர்ப்பதற்காக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரல் முழுவதையும் இறக்கி, விரித்தால் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும் அந்தத் தொகுப்பை கம்பைல் செய்யத் தொடங்கும் சர்வர் நிர்வாகிகளை இன்றும் பார்க்கிறேன். அந்த உழைப்பு பெரும்பாலும் வீண். சில வேளைகளில் தவறான திசையிலும் கொண்டுபோய் விடுகிறது. ஏனென்றால், லினக்ஸ் வெளியீடுகளான உபுண்டுவும் ஃபெடோராவும் தத்தம் கெர்னலில் தாங்களே பல திருத்தங்களைச் சேர்த்து வெளியிடுகின்றன. பொதுத் தளத்திலிருந்து எடுத்த மூலநிரல், பதிப்பு எண் ஒத்துப்போனாலும், உங்கள் கணினியில் ஓடும் கெர்னலோடு ஒத்துப்போக வேண்டுமென்பதில்லை.

மாட்யூல் கட்டத் தேவையானவை, ஓடும் கெர்னலின் தரவு வடிவங்கள், செயற்கூறுகள் ஆகியவற்றின் அறிவிப்புகள் அடங்கிய ஹெடர் கோப்புகள், அது கட்டப்பட்டபோது இருந்த அமைப்புத் தேர்வுகளைச் சொல்லும் கான்ஃபிக் கோப்பு, கட்டுவதற்கு உதவும் சிறு நிரல்கள், வெளிமாட்யூல்களுக்குக் கெர்னல் திறந்துவிட்டிருக்கும் செயற்கூறுகளின் பட்டியலான 'மாட்யூல் சிம்வெர்ஸ்' ஆகியவையே. டெபியனிலும் உபுண்டுவிலும் 'லினக்ஸ் ஹெடர்ஸ்', ஃபெடோராவில் 'கெர்னல் டெவெல்' என்ற பொதியை நிறுவினால் இவை அனைத்தும் கிடைக்கும். பொதியின் பெயரிலுள்ள பதிப்பு, 'யூநேம் -r' கட்டளை காட்டும் பதிப்போடு கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும். கெர்னலைக் கட்டிய அதே ஜிசிசி கம்பைலர் பதிப்பையே பயன்படுத்துவதும் நல்லது. மூலநிரலை வைத்து 'மாட்யூல்ஸ் பிரிப்பேர்' என்ற படியை மட்டும் ஓட்டினால் போதும் என்று நினைப்பவர்கள், அந்தப் படி 'சிம்வெர்ஸ்' கோப்பை உருவாக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கோப்பு ஏன் முக்கியம்? மாட்வெர்ஷன்ஸ் வசதி இயக்கப்பட்ட கெர்னலில், திறந்துவிடப்பட்ட ஒவ்வொரு செயற்கூறுக்கும் அதன் வரையறையிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண் உண்டு; அது இந்தக் கோப்பில்தான் பதிவாகியிருக்கும். பல தரவு உறுப்புகளின் தொகுப்பான ஒரு ஸ்ட்ரக்ட்டில் புதிய உறுப்பு ஒன்று நுழைந்தாலும், அதைப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் எண் மாறிவிடும். மாட்யூலில் பதிந்த எண்ணும் கெர்னலில் உள்ள எண்ணும் வேறுபட்டால் கெர்னல் மாட்யூலை ஏற்க மறுக்கும். இந்த மறுப்பைக் கண்டதும் 'ஃபோர்ஸ்' விருப்பத்தைச் சேர்த்து ஏற்ற முயல்வதுதான் நான் காணும் மிக ஆபத்தான பழக்கம். சோதனையைத் தாண்டி உள்ளே போகும் மாட்யூல், ஓர் உறுப்பு பழைய இடத்திலேயே இருப்பதாக நம்பி, வேறொன்றுக்கு உரிய நினைவகத்தில் எழுதக்கூடும். கணினி உடனே நின்றுபோனால் நல்வாய்ப்பு, நிற்காவிட்டால் வட்டிலுள்ள தரவே சத்தமின்றிச் சிதையலாம்.

கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று அதை உருவாக்குவோர் எந்த உறுதியும் தருவதில்லை என்பதால், ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகும் மாட்யூலை மீண்டும் கட்ட நேரிடும். இதற்கென டெல் நிறுவனப் பொறியாளர்கள் உருவாக்கிய டிகேஎம்எஸ் என்ற கருவி, புதிய கெர்னல் நிறுவப்படும்போதே மாட்யூலைத் தானாகக் கட்டிவிடும். ஆனால் புதிய ஹெடர் பொதியும் கூடவே வந்திருந்தால்தான் அது நடக்கும். ரீபூட் செய்வதற்கு முன் டிகேஎம்எஸ் நிலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள், குறிப்பாக அந்த மாட்யூல்தான் நெட்வொர்க்கையோ சேமிப்பகத்தையோ இயக்குகிறது என்றால்.

நம்பத்தக்க கையொப்பமுள்ள மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், சரியாகக் கட்டிய மாட்யூலும் கையொப்பம் இல்லாவிட்டால் பொதுவாக ஏறாது. செக்யூர் பூட்டை அணைத்துவிடும் குறுக்குவழியை நான் பரிந்துரைப்பதில்லை. சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கி, 'மோக்யூட்டில்' என்ற கருவி மூலம் பதிவு செய்து, அதைக் கொண்டு மாட்யூலில் கையொப்பமிடலாம். சாவியை ஏற்கும் திரை அடுத்த ரீபூட்டில், இயங்குதளம் எழுவதற்கு முன் தோன்றும் என்பதால், தொலைவிலுள்ள சர்வராக இருந்தால் அதன் கன்சோலை அணுகும் வழியை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.