கிரியோசோட்: பெயரும் பொருளும்

பழைய ரயில் பாதையின் மரக்கட்டைகளில் தூக்கலாக அடிக்கும் கரிய எண்ணெய் வாடை, மரம் கெடாமலிருக்க ஏற்றும் கிரியோசோட்டினுடையது. கிரேக்கத்தில் ‘கிரேயாஸ்’ என்றால் இறைச்சி, ‘சோட்டர்’ என்றால் காப்பவன். 1832-இல் ஜெர்மானியரான கார்ல் ரைக்கன்பாக், பீச் மரத் தாரிலிருந்து எடுத்த நீர்மத்துக்கு இப்பெயரை வைத்தார். இறைச்சியைக் கெடாமல் காத்தது அது. 1838-இல் இங்கிலாந்தின் ஜான் பெத்தெல், நிலக்கரித் தாரிலிருந்து வந்த வேறோர் எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அதற்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் ‘தார்க்காப்பு எண்ணெய்’ என்பது பொருந்தும். மரத்தைக் காக்கும் ரசாயனம் எதுவானாலும் ‘மரக்காப்பு’ எனலாம். கடையில் வெறுமனே ‘மருந்து’ என்கிறார்கள். சரி, எதற்கு மருந்து?

திருநெல்வேலிப் பக்கம் வண்டு துளைத்து மாவாக உதிர்ந்தால் உளுத்துப்போச்சு, கறையான் தின்றால் செல்லரிச்சுப்போச்சு, ஈரத்தில் பூசணம் பிடித்து மெத்தென்று ஆனால் உக்கிப்போச்சு என்பார்கள். செல்லுக்கு, அதாவது கறையானுக்கு, அடிக்கிற மருந்து உக்கலைத் தடுத்தே தீரும் என்பதில்லை. ஆகவே உக்கலுக்குத் தனிச் சோதனை வேண்டும். சிறு மரத்துண்டுகளை நிறுத்து, வெவ்வேறு அடர்த்தியில் மருந்து ஏற்றி, மரம் தின்னும் பூசணம் வளர்த்த புட்டிக்குள் வாரக்கணக்கில் வைப்பார்கள். அப்புறம் உலர்த்தி மறுபடி நிறுப்பார்கள். எடை குறையாமல் காத்த மிகக் குறைந்த அளவே அந்த மருந்தின் ‘நச்சு எல்லை’.

பாபநாசம், குற்றாலம் பக்கத்து மழையை நினைத்தால் இன்னொரு படிதான் முக்கியம்: பூசணத்திடம் கொடுக்கும் முன் துண்டுகளை நீரில் ஊறவைத்து, கரைவதைக் கரையவிடுவது. மரக்காப்பாக ஏற்றும் பல உப்புகள் இந்தப் படியில் கரைந்து தோற்றுப்போகும். 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோன்டி காமேசம் உருவாக்கிய செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை உலகெங்கும் பரவியதற்குக் காரணம், அது அப்படிக் கரைந்து போகாததே. குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்துவிடும். ஆர்சனிக் நஞ்சு என்பதால் வீட்டு மரத்தில் இதைப் பல நாடுகள் இப்போது தவிர்க்கின்றன.

தேக்கில் மருந்தைக் குடிப்பது வெளியிலுள்ள வெள்ளைப் பகுதிதான், உள்ளேயிருக்கும் வைரம் எளிதில் ஏற்காது. பனையிலோ வைரம் வெளியே, மெத்தென்ற சோறு உள்ளே; வெட்டிய முனையில் அந்தச் சோறு வெளியே தெரியும். எனவே கூரைக்குப் போடும் பனங்கையின் வெட்டிய முனைகளில் கட்டாயம் மரக்காப்பு ஏற வேண்டும்.